பெங்களூருக்குப் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர் கையில் எவ்வளவு பணம் வைத்திருக்கலாம், எப்படி எடுக்கலாம்?

யாழ்ப்பாணத்திலிருந்து முதுகலை படிக்கப் பெங்களூர் வந்து மூன்று வாரம் ஆன மாணவி நீங்கள். ஊர் வங்கியின் டெபிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டணமாகக் கழிவு போகிறது, அதனால் மொத்தமாக எடுத்து பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்புத் தோழியின் கணக்கில் பணத்தைப் போட்டு அவர் போனிலிருந்து யூபிஐ கட்டலாமா என்பது இரண்டாவது கேள்வி. ஊரில் ஒருவர் உண்டியல் மூலம், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள்வழியாக, நல்ல விலைக்கு அனுப்பித் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: உங்கள் பெயரில் இங்கே ஒரு வங்கிக் கணக்கு வரும்வரை எப்படிச் சமாளிப்பது, அந்தக் கணக்கை எப்படிச் சீக்கிரம் வாங்குவது. நான் பெங்களூரில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணி மேசையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டு மாணவர்களின் கணக்குகள் தினமும் என் மேசைக்கு வந்தவை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஏடிஎம் கழிவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வெளிநாட்டு அட்டையை இங்கே செருகினால் மூன்று இடத்தில் பணம் போகலாம். இயந்திரம் வைத்திருக்கும் இந்திய வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணம் கேட்கலாம்; கேட்டால் திரையில் காட்டிவிட்டுத்தான் எடுக்கும், வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே ரத்து செய்து வேறு வங்கியின் இயந்திரத்துக்குப் போகலாம். இரண்டாவது, உங்கள் ஊர் வங்கி ஒவ்வொரு தடவைக்கும் வாங்கும் நிலையான கட்டணம். மூன்றாவது, நாணய மாற்று விகிதத்தின் மேல் அதே வங்கி வைக்கும் சதவீதம். இந்த இரண்டும் வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் வெளிநாட்டு ஏடிஎம் என்ற வரியைப் பாருங்கள். சதவீதம் எப்படி எடுத்தாலும் போகத்தான் செய்யும். நிலையான கட்டணத்தைத்தான் குறைக்க முடியும். ஒரு பேச்சுக்கு அது தடவைக்கு 300 ரூபாய் என்று வையுங்கள். 2,000 வீதம் ஐந்து தடவை எடுத்தால் 1,500 ரூபாய் போய்விடும்; 10,000-ஐ ஒரே தடவையில் எடுத்தால் 300-தான். ஆகவே சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். இங்கே பல இயந்திரங்கள் வேறு வங்கி அட்டைக்கு ஒரு தடவையில் 10,000 ரூபாய்க்கு மேல் தருவதில்லை, எனவே அதுவே உங்கள் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்க வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

திரையில் ஒரு இடத்தில் பலர் தடுமாறுவார்கள். தொகையைத் தட்டியதும் சில இயந்திரங்கள் உங்கள் நாட்டு நாணயத்தில் இவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்கைக் காட்டி, ‘அக்செப்ட் கன்வர்ஷன்’, ‘டிக்ளைன் கன்வர்ஷன்’ என்று இரண்டு பொத்தான் தரும். டிக்ளைன் என்றால் பணமே வராதோ என்ற பயத்தில் அக்செப்டை அழுத்திவிடுகிறார்கள். அக்செப்ட் செய்தால் இயந்திரக்காரர் வைத்த விகிதத்தில் கணக்குப் பார்ப்பார்கள், அது அநேகமாக எப்போதும் உங்களுக்கு நஷ்டம். டிக்ளைன் கொடுங்கள். பணம் வரும், கணக்கு இந்திய ரூபாயில் போகும், மாற்று விகிதத்தை உங்கள் அட்டையின் நெட்வொர்க் (விசா, மாஸ்டர்கார்டு போன்றவை) பார்த்துக்கொள்ளும். கடையில் அட்டை தேய்க்கும்போதும் எந்த நாணயத்தில் என்று கேட்டால் ரூபாய் என்றே சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். 10,000 என்று தட்டினால் இருபது ஐந்நூறு ரூபாய்த் தாள் வந்து விழும். அதை வைத்துக்கொண்டு பிஎம்டிசி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார், இறங்கும்போது நினைவாகக் கேட்டு வாங்க வேண்டும். 9,900 என்று தட்டிப் பாருங்கள். இயந்திரத்தில் சின்னத் தாள் இருந்தால் 100-ம் 200-மாகக் கொஞ்சம் கிடைக்கும். 100 அல்லது 200 ரூபாய்த் தாளும் கிடைக்கும்படி ஏடிஎம்களை வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது, அதனால் முன்பைவிட இப்போது வாய்ப்பு அதிகம். 2,000 ரூபாய்த் தாளை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 2023 மே மாதத்தில் அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. சட்டப்படி அது இன்னும் செல்லும், ஆனால் கடையில் வாங்க மாட்டார்கள், மாற்ற ரிசர்வ் வங்கி அலுவலகத்தை நாட வேண்டும்.

எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் உங்களைத் தொடும் வரம்பு எதுவும் இல்லை. இது என் கணிப்பு: பிஜியில் சாப்பாடும் சேர்ந்திருந்தால், ஐந்தாயிரம் முதல் எட்டாயிரம் வரை கையில் இருந்தால் போதும். அதில் ஆயிரம் ரூபாயாவது 50, 100 தாளாக இருக்கட்டும். ஆட்டோ, இஸ்திரிக் கடை, தள்ளுவண்டி, காலையில் தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) ஒரு இட்லி வடை, இவைதான் ரொக்கத்தின் வேலை. பெங்களூரில் எல்லாம் யூபிஐதான் என்று சொல்வார்கள், பெரும்பாலும் உண்மை. ஆனால் 2025 ஜூலையில் யூபிஐ வரவை வைத்து மாநில வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியபோது, பல கடைகளில் கியூஆர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு ‘யூபிஐ இல்லை, கேஷ் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். அந்தப் பரபரப்பு பிறகு அடங்கிவிட்டது. ஆனாலும் ரொக்கமே இல்லாமல் வெளியே போகும் பழக்கம் வேண்டாம் என்பேன். ஒரு தடவை எடுக்கும் பத்தாயிரத்துக்கு மேல் அறையில் வைப்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிஜி அலமாரிப் பூட்டை நம்ப முடியாது. காணாமல் போனால் அது உங்கள் பணம் என்று நிரூபிக்கவும் வழி கிடையாது. கழிவில் மிச்சமாகும் சில நூறுக்காக ஐம்பதாயிரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். இருக்கும் ரொக்கத்தையும் அட்டையையும் ஒரே பர்ஸில் வைக்க வேண்டாம். இரண்டாவது அட்டை இருந்தால் அது அறையிலேயே இருக்கட்டும்.

ஏடிஎம்மைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. வங்கிக் கிளையோடு ஒட்டியிருக்கும் இயந்திரத்தில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுங்கள். சிப் அட்டையை வேலை முடியும்வரை இயந்திரம் பிடித்து வைத்திருக்கும், இழுக்கக் கூடாது. அட்டை உள்ளே மாட்டிக்கொண்டால், அது வேறு வங்கியின் அட்டை என்பதால் உடனே கைக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியாது; ஊர் வங்கிக்குப் போன் செய்து முதலில் முடக்குங்கள். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் தேதி, நேரம், இயந்திரத்தின் எண், இவற்றைக் குறித்துக்கொண்டு ஊர் வங்கியில்தான் புகார் கொடுக்க வேண்டும். இந்திய வங்கியின் அட்டையாக இருந்தால் ஐந்து நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2019-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அது உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும். உங்கள் ஊர் அட்டைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இங்கே கணக்குத் திறப்பதை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். மாணவர் விசாவில் வந்தவர், இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இங்கே வசிக்காதவராகவே கருதப்படுகிறார். உங்களுக்கு உரியது என்ஆர்ஓ கணக்கு, அதாவது இங்கே வசிக்காதவருக்கான சாதாரண ரூபாய்க் கணக்கு. என்ஆர்ஓ என்றாலே வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கு மட்டும் என்று கிளையில் சிலர் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது சரியல்ல. வெளிநாட்டு மாணவருக்கென்றே ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதிகளில் தனி ஏற்பாடு இருக்கிறது: பாஸ்போர்ட், அதில் விசாவும் குடியேற்ற முத்திரையும், படிக்கும் நிறுவனம் கொடுக்கும் சேர்க்கைக் கடிதம், இவை இருந்தால் உள்ளூர் முகவரிச் சான்று இல்லாமலேயே கணக்கைத் திறக்கலாம். முகவரிச் சான்றை 30 நாளுக்குள் கொடுத்தால் போதும். அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்க முடியாது, மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பாகிஸ்தான் குடிமக்களுக்கு மட்டும் முன் அனுமதி தேவை. இலங்கையருக்கு அந்தத் தடை இல்லை. விதி இவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதைக் கிளை எப்படி நடைமுறைப்படுத்தும் என்பதுதான் உறுதியில்லாதது. சிலர் வதிவிட அனுமதி வந்தபின் வா என்பார்கள், சிலர் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்பார்கள். அதனால் வீட்டுப் பக்கத்துச் சின்னக் கிளைக்குப் போகாமல், உங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் கிளைக்கோ, அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளைக்கோ போங்கள். பல்கலையின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் கேட்டால் போன வருட மாணவர்கள் எந்தக் கிளையில் திறந்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள், அதுதான் குறுக்கு வழி. பான் அட்டை இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு உறுதிமொழிப் படிவம் தருவார்கள், அதை நிரப்பினால் போதும்.

180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். இது இணையத்தில் நடக்கும், அழைத்தால்தான் சாந்திநகர் பஸ் நிலைய வளாகத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். நீங்கள் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பல்கலை உங்களுக்காக இதைச் செய்துவிட்டதா என்று நாளைக்கே கேளுங்கள், செய்யவில்லை என்றால் முதல் வேலை அது. அந்தப் பதிவுச் சான்றுதான் (மேலே சொன்ன வதிவிட அனுமதி) வங்கியில் உங்கள் முகவரிச் சான்றாகவும் உதவும்.

கணக்கு வந்து, டெபிட் கார்டும் வந்து, கணக்கில் பதிந்த இந்திய சிம்மும் இருந்தால் யூபிஐ தொடங்கலாம். முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது, பயப்பட வேண்டாம், பிறகு வழக்கமான வரம்புக்கு வந்துவிடும். அதுவரைக்கும் ஒரு இடைக்கால வழி உண்டு: வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான ‘யூபிஐ ஒன் வேர்ல்டு’ என்ற முன்பணப் பை, அதாவது முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் போன் வாலட். 2023-இல் ஜி20 நாட்டவருக்காகப் பெங்களூர், மும்பை, டெல்லி விமான நிலையங்களில் தொடங்கியது, 2024-இல் எல்லா நாட்டவருக்கும் விரித்தார்கள். பாஸ்போர்ட், விசா காட்டிப் பணம் ஏற்றிக்கொண்டால் கடையில் கியூஆர் ஸ்கேன் செய்து கட்டலாம். ஆளுக்கு ஆள் அனுப்ப முடியாது, அதனால் பிஜிக்காரர் தன் சொந்த நம்பருக்கு வாடகையை அனுப்பச் சொன்னால் இது உதவாது. கணக்கு வரும் முன் பெரிய வாடகைத் தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள். பிறகு தோழிகளோடு சேர்ந்து தனி வீடு எடுக்க நினைத்தால், பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு. வீட்டுக்காரர் வற்புறுத்தினாலும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

தோழியின் கணக்கு பற்றி. நூறு இருநூறுக்கு அவர் ஸ்கேன் செய்து நீங்கள் ரொக்கம் கொடுப்பதில் ஒன்றும் இல்லை, எல்லாரும் செய்வதுதான். மாதச் செலவுப் பணம் முழுவதையும் அவர் கணக்கு வழியாக ஓட்டுவது வேறு. அவர் கணக்கில் வெளிநாட்டிலிருந்து மாதா மாதம் பணம் வந்தால் வங்கி கேள்வி கேட்கும், அவர் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அந்தப் பணம் உங்களுடையது என்பதற்கு ஒரு காகிதம் மிஞ்சாது. உண்டியல் இதைவிட ஆபத்தானது. ஈழத்தமிழர் குடும்பங்களில் போர்க்காலத்திலிருந்தே அது பழகிய வழி என்பதும், வங்கி விகிதத்தைவிட நல்ல விலை கிடைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், உங்கள் வீட்டாரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தியாவில் அது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம், பணத்தை வாங்குபவரும் அதில் மாட்டுவார். நடைமுறையில் நடப்பதைச் சொல்கிறேன். ஊரில் உங்கள் அப்பா ஒருவரிடம் பணம் கொடுக்கிறார். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தோழி கணக்குக்கு யூபிஐ போடுகிறார். அந்த முன்பின் தெரியாதவர் கையில் இருப்பது இணைய மோசடியில் யாரோ இழந்த பணமாக இருக்கலாம். இழந்தவர் இணைய மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்ததும், பணம் போன வழியெல்லாம் தேடி ஒவ்வொரு கணக்கையும் முடக்கச் சொல்லி போலீஸ் வங்கிக்கு எழுதும். வேறு ஏதோ மாநிலத்துப் போலீஸ் நிலையத்தின் கடிதத்தால் கணக்கு முடங்கி, பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் கவுன்டரில் கண் கலங்கி நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கிளையில் எங்களால் அதை விடுவிக்க முடியாது, புகார் பதிவான நிலையத்தோடுதான் பேச வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும்.

ஊரிலிருந்து பணம் வரும் நேர்வழி இரண்டு. கல்விக் கட்டணத்தை உங்கள் வீட்டார் அங்குள்ள வங்கி மூலம் பல்கலைக்கழகக் கணக்குக்கே நேராக அனுப்புவது நல்லது. செலவுப் பணத்தை உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு ஸ்விஃப்ட் (நாடு விட்டு நாடு வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் முறை) மூலம் அனுப்பலாம். ஒவ்வொரு தடவையும் கட்டணம் இருப்பதால் மாதா மாதம் அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கொண்டுவந்து இங்கே போட்டு வைக்கவும் வேண்டாம், என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். இலங்கையிலிருந்து எவ்வளவு அனுப்பலாம், என்ன ஆவணம் வேண்டும் என்பது உங்கள் நாட்டு மத்திய வங்கியின் விதி. அதற்கு நான் ஆள் இல்லை, அங்குள்ள வங்கியில்தான் கேட்க வேண்டும்.

யாராவது பார்க்க வந்தால் டாலர் தாளாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், இலங்கை ரூபாயை இங்கே நல்ல விலைக்கு மாற்றுவது கடினம். கிழிசல், கறை இல்லாத தாளாக இருக்கட்டும். தாள்கள் மட்டும் 5,000 டாலருக்கு மேல் என்றாலோ, மற்ற வடிவங்களும் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் என்றாலோ விமான நிலையத்தில் சுங்கத்திடம் படிவம் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தில் அன்றைய ஆட்டோ, டாக்சிக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை எம்.ஜி. ரோடு பக்கம் உரிமம் பெற்ற இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு மாற்றலாம். தெருவில் நின்று கூப்பிடுபவரிடம் வேண்டாம். கடையில் என்கேஷ்மென்ட் சர்டிபிகேட் (அந்நிய நாணயத்தை விற்று ரூபாய் வாங்கியதற்கான சான்று) கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் சில கடைகளில் தருவதில்லை.

அந்தச் சர்டிபிகேட் எதற்கு என்று கேட்பீர்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது கணக்கில் மிச்சம் இருக்கும் பணத்தை வெளியே அனுப்ப மாணவருக்கு அனுமதி உண்டு. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணம், இங்கே விற்ற அந்நிய நாணயம், இந்திய அரசோ நிறுவனமோ கொடுத்த உதவித்தொகை, இவற்றின் மிச்சமாக இருக்க வேண்டும். அதைக் காட்டக் காகிதம் வேண்டும். ஸ்விஃப்ட் வந்த ஒவ்வொரு தடவையும் வங்கியிடம் வரவுச் சான்று கேட்டு வாங்குங்கள். ஏடிஎம் சீட்டுகள் வெப்பத்தால் அச்சாகிறவை, சில மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். எடுத்த அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். பெற்றோர் சுற்றுலாப் பயணியாக வந்து தங்கள் அட்டையில் ரூபாய் எடுத்து மிச்சமானால், அசல் ஏடிஎம் சீட்டும் அதே அட்டையும் ஏழு நாளுக்குள் கிளம்பும் டிக்கெட்டும் காட்டி 50,000 ரூபாய் வரை டாலராக மாற்றிக்கொள்ளலாம், ஆகவே அந்தச் சீட்டுகளையும் வீசிவிட வேண்டாம்.

உங்கள் கணக்கு வந்தபின் ஏடிஎம் கவலை பெரிதாக இருக்காது. சொந்த வங்கி இயந்திரத்தில் மாதம் ஐந்து தடவையும், பெங்களூர் மாநகரம் என்பதால் மற்ற வங்கி இயந்திரத்தில் மூன்று தடவையும் இலவசம். அதற்கு மேல் தடவைக்கு அதிகபட்சம் 23 ரூபாயும் வரியும். மீதம் பார்ப்பதும் ஒரு தடவையாகக் கணக்காகும், அதை போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்குப் பல்கலையில் சேர்க்கைக் கடிதத்தை மூன்று பிரதி, முத்திரையோடு வாங்குங்கள். ஒன்று வங்கிக்கு, ஒன்று சிம்முக்கு, ஒன்று கையில். கிளையில் மறுத்தால் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாமல், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னாலே பல இடங்களில் மேலாளரிடம் அனுப்பிவிடுவார்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் என்ன காரணம் சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.